சோபாவும் சுக்குவும் ஒரு பந்தக்காலும்

எங்கள் வீட்டு ஹாலில் சோபாவின் இடது பக்கம் மூன்றடி உயரச் சவுக்குக் கட்டை ஒன்று சாக்குத் துணி சுற்றிக்கொண்டு நிற்கிறது. வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் உட்காருவதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுவார்கள். "என்னம்மா இது, பந்தக்கால் நட்ட மாதிரி? வீட்ல ஏதும் விசேஷமா?" என்று என் கணவரின் சித்தி கேட்டே விட்டார். ஒரு பூனையோடு ஐந்து மாதம் மல்லுக்கட்டியதில் மிஞ்சியது அது என்று அவருக்கு எங்கே போய் விளக்குவது?

இங்கே விளக்கிவிடுகிறேன். நான் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள். எதையும் நோட்டில் குறித்துவைக்கும் பழக்கம் உண்டு. ஏப்ரலில் இருந்து எழுதிய குறிப்புகள்தான் இதற்கு அடிப்படை. ஒரே ஒரு பூனை, ஒரே ஒரு வீடு. உங்கள் வீட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நாங்கள் மூன்றாவது மாதத்தில்தான் கேட்டோம். அந்த மூன்று மாதத்தை இன்னொருவராவது மிச்சப்படுத்தலாமே என்றுதான் எழுதுகிறேன்.

பூனையும் வீடும்

சுக்கு ஆண் பூனை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி மழையில் மாடிப்படிக்குக் கீழே நின்று கத்திக்கொண்டிருந்தது. நிறத்தைப் பார்த்து என் பையன் வைத்த பேர். எட்டு மாத வயதில் கருத்தடை செய்தாயிற்று. எடை நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. வெளியே விடுவதில்லை, தெரு நாய்களை நம்ப முடியாது. திருச்சியில், முதல் மாடியில், இரண்டு படுக்கையறை வீடு. நான், கணவர், ஒன்பது வயதுப் பையன், அத்தை. அத்தை என்றால் என் மாமியார்.

ஹாலில் முன்பு இருந்தது தேக்குச் சட்டத்தில் ரெக்சின் மெத்தை போட்ட பழைய சோபா. ஒன்றரை வருடமாகச் சுக்கு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எங்க பூனை அதெல்லாம் செய்யாது" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தோம். பொங்கலுக்குப் புதுச் சோபா வாங்கினோம், தவணையில். சாம்பல் நிறம், கொஞ்சம் தளர்வாக நெய்த முரட்டுத் துணி. விரலை ஓட்டினால் நூல் கண்ணிகள் தட்டுப்படும். பிப்ரவரி முதல் வாரத்துக்குள் இடது கைப்பிடி நார்நாராகி, உள்ளே இருந்து மஞ்சள் ஸ்பாஞ்சு எட்டிப் பார்த்தது. முதல் தவணை அப்போதுதான் போயிருந்தது.

அதோடு நிற்கவில்லை. ஜன்னலை ஒட்டிய வலது கைப்பிடியும் பக்கத்துத் திரைச்சீலையும் கிழியத் தொடங்கின. அப்புறம் அத்தையின் பிரம்பு நாற்காலி. அவருடைய அப்பா வீட்டிலிருந்து வந்தது, என்னைவிட வயதில் மூத்தது. சோபாவுக்காக நான் அழுதேன் என்றால் நாற்காலிக்காக வீட்டில் இரண்டு நாள் பேச்சே இல்லை.

செய்த தப்புகள்

முதலில் தண்ணீர். இஸ்திரி போடும்போது துணியில் தெளிக்க ஒரு தெளிப்பான் வைத்திருப்போமே, அதைக் கையில் வைத்துக்கொண்டு, சுக்கு சோபாப் பக்கம் போனாலே ஒரு பீய்ச்சு. நாலு நாளில் பலன் தெரிந்தது: நான் ஹாலில் இருந்தால் சுக்கு சோபாவைத் தொடாது. சமையலறைக்குள் போன மறுநிமிடம் 'சரக், சரக்' கேட்கும். இஸ்திரி போட உட்கார்ந்தால் கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிந்துகொள்ளும். அது கற்றுக்கொண்டதெல்லாம் என்னைப் பற்றித்தான்.

அடுத்தது இரண்டு பக்கமும் ஒட்டும் டேப். பூனையின் பாதத்துக்குப் பிசுபிசுப்பு பிடிக்காது. வெளிநாட்டில் எல்லோரும் சொல்லும் வழி. திருச்சி மார்ச் வெயிலுக்கே மாடி வீட்டில் பசை இளகிச் சோபாத் துணியில் இறங்கிவிட்டது. உரித்தபோது நூலும் சேர்ந்து வந்தது. பூனை கிழித்ததா நான் கிழித்ததா என்று தெரியாதபடி ஒரு சாண் அகலத்துக்கு வழுக்கை. அலுமினியத் தாள் சுற்றினேன். மூன்று நாள் பயந்தது, நாலாம் நாள் அதையே உருட்டி விளையாடியது. கமலா ஆரஞ்சுத் தோல் பரப்பினேன்; எறும்பு வந்தது.

பக்கத்து வீட்டு அக்கா நல்ல மனதோடு ஒரு யோசனை சொன்னார்: "மெத்தை இடுக்குல பாச்சா உருண்டை போட்டு வை, கிட்டவே வராது." இதை மட்டும் நான் செய்யவில்லை. யார் சொன்னாலும் நீங்களும் செய்யாதீர்கள். பாச்சா உருண்டையில் இருப்பது பெரும்பாலும் நாப்தலீன். இப்படிப்பட்ட பல சேர்மங்களை நம் கல்லீரல் குளுகுரோனிக் அமிலத்தோடு இணைத்துக் கழித்துக்கட்டும். பூனையின் கல்லீரலில் அந்த வேலைக்கான நொதிகள் ரொம்பக் குறைவு. அதனால்தான் நாம் தலைவலிக்கு விழுங்கும் ஒரு பாரசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். பினாயில், யூகலிப்டஸ் தைலம், கற்பூரம், டீ ட்ரீ எண்ணெய் எல்லாம் இதே கணக்கில்தான் வரும். மேலே பட்டதைப் பூனை நக்கியே சுத்தம் செய்யும் என்பதால் சோபாவில் தடவியது வயிற்றுக்குள் போய்விடும். சோபா போனால் சோபா.

கணவர் இணையத்தில் தேடி, நகத்தையே எடுத்துவிடும் அறுவை சிகிச்சை ஒன்று அமெரிக்காவில் உண்டு என்று கண்டுபிடித்தார். பெயர்தான் நக நீக்கம். எடுப்பது நகத்தை மட்டும் இல்லை. பூனையின் நகம் விரலின் கடைசி எலும்பிலிருந்து வளர்வதால் அந்த எலும்போடு சேர்த்து வெட்ட வேண்டும். நம் கையில் கடைசிக் கணுவோடு பத்து விரலையும் நறுக்குவதற்குச் சமம். பிரிட்டனில் இதற்குத் தடை உண்டு, இஸ்ரேல் 2011இல் தடை செய்தது, அமெரிக்க மாநிலங்களில் முதலாவதாக நியூயார்க் 2019இல் தடை செய்தது. நம் ஊரிலும் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு விலங்கைச் சிதைப்பதைக் கொடுமை என்றே சொல்கிறது. இதைப் படித்துக் காட்டியதும் கணவர் லேப்டாப்பை மூடிவிட்டார்.

கடைசியாக, இணையத்தில் பூனைக் கம்பம் ஒன்று வாங்கினோம். ஒன்றரை அடி உயரம், கயிறு சுற்றிய அட்டைக் குழாய், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு அடித்தட்டு. ஹாலில் வைத்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று பால்கனியில், வாஷிங் மெஷின் பக்கத்தில் வைத்தேன். சுக்கு ஒரே ஒரு முறை முன்னங்கால்களைத் தூக்கி அதன் மேல் போட்டது. கம்பம் சாய்ந்து அதன் தலையிலேயே விழுந்தது. அதற்குப் பிறகு பால்கனிக்கே போகவில்லை. "காசு குடுத்து வாங்கினதத் தொடாது, நாம உட்காருறதத்தான் கிழிக்கும்" என்றார் அத்தை. அப்போது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மருத்துவர் கேட்ட கேள்வி

ஏப்ரல் தொடக்கத்தில் தடுப்பூசிக்குப் போனபோது கால்நடை மருத்துவரிடம் புலம்பினேன். அவர் பாதங்களை அமுக்கி நகங்களை வெளியே தள்ளிப் பார்த்தார். தோல், மூட்டு, எல்லாம் நன்றாக இருந்தது. அப்புறம் ஒரே கேள்வி: "எப்பம்மா பிறாண்டுது?"

"எப்பவும்தான் டாக்டர்."

"எப்பவும்னு ஒண்ணு கிடையாது. ரெண்டு வாரம் எழுதிட்டு வாங்க."

ஆய்வகத்தில் மாணவர்களைப் பார்த்து நான் சொல்லும் அதே வாக்கியம். வீட்டுக்கு வந்து பழைய ரெக்கார்டு நோட்டு ஒன்றை எடுத்தேன். நேரம், இடம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பின் யார் என்ன செய்தோம். நாலு பத்தி, அவ்வளவுதான். அத்தையையும் பையனையும் சேர்த்துக்கொண்டேன்.

அந்த இரண்டு வாரமும் கொஞ்சம் படித்தேன். பூனை பிறாண்டுவது நகத்தைத் தீட்ட என்று சொல்வோம். பாதி சரி. நகம் வெங்காயம் போல அடுக்கடுக்காக வளர்கிறது. வெளி அடுக்கு செத்துப்போனதும் எதிலாவது கொக்கியிட்டு இழுத்துக் கழற்ற வேண்டும். சோபாவுக்கு அடியில் பெருக்கும்போது பிறைநிலா வடிவில் சின்னச் சின்னத் தோடுகள் கிடைக்கும். நகம் உடைந்துவிட்டது என்று நான் பயந்தது அதைப் பார்த்துத்தான். தூங்கி எழுந்ததும் முதுகையும் தோளையும் நீட்டி முறிப்பதற்கும் பிறாண்டல் வேண்டும். இதற்கெல்லாம் மேலே, அது ஒரு கையெழுத்து. பாதத்தில் விரல்களுக்கு நடுவே உள்ள சுரப்பிகள் இழுக்கும் இடத்தில் வாசனையை விட்டுப்போகும். கீறல் கண்ணுக்குத் தெரியும், வாசனை மூக்குக்குத் தெரியும். முதுமலையில் புலி மரப்பட்டையைக் கீறி வைப்பதும் இதே காரியம்தான். காட்டில் அந்தக் கீறலையும் பார்த்துத்தான் புலி நடமாட்டத்தை அறிகிறார்கள். நம் வீட்டில் மட்டும் அதைச் சேட்டை என்கிறோம்.

கையெழுத்து என்றால் ஆள் நடமாட்டம் இருக்கும் இடத்தில்தான் போட வேண்டும். வாஷிங் மெஷின் பக்கத்தில் யார் வந்து படிப்பது?

நோட்டு சொன்னது

பதினாலு நாளில் நாங்கள் கண்ணால் பார்த்தது 61 முறை. இடது கைப்பிடி 33, பிரம்பு நாற்காலி 16, ஜன்னல் ஓரம் 12. வீட்டில் யாரும் இல்லாத நேரம் இதில் சேரவில்லை.

எண்ணிக்கையைவிட நேரம்தான் விஷயம். இடது கைப்பிடியில் பிறாண்டியது பெரும்பாலும் இரண்டே பொழுதில். ஒன்று, தூங்கி எழுந்த கையோடு. சுக்கு தூங்கும் இடம் சோபாவின் இடது மூலை. இன்னொன்று, சாயங்காலம் ஐந்தேகாலுக்கு நான் சாவி போட்டுக் கதவைத் திறக்கும்போது. ஓடி வரும், என் காலை உரசும், திரும்பிப் போய்ச் சோபாக் கையில் நாலு இழுப்பு இழுக்கும். வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு செய்யும். கோபமோ பழிவாங்கலோ இல்லை. நான் வந்துவிட்ட சந்தோஷம். அதற்குத்தான் இத்தனை நாளும் தண்ணீர் பீய்ச்சியிருக்கிறேன்.

ஜன்னல் ஓரம் நடந்ததெல்லாம் விளக்கு வைக்கும் நேரத்தில். எதிர் வீட்டு சன்ஷேடில் அந்த நேரத்துக்கு ஒரு கறுப்புக் கடுவன் வந்து உட்காரும். அதைப் பார்த்ததும் சுக்குவின் வால் புசுபுசுவென்று பருக்கும்; தொண்டையில் ஒரு உறுமல்; அப்புறம் வலது கைப்பிடி, திரைச்சீலை.

பிரம்பு நாற்காலியில் நடந்தவை எல்லாம் விடியற்காலை நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவில். பின்பத்தியில் அத்தையின் கையெழுத்தில் பதினாறு இடத்திலும் ஒரே குறிப்பு: "திட்டினேன். பால் ஊற்றினேன்."

அதைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "பின்ன, பசியோட கத்துற ஜீவனை என்ன செய்யச் சொல்ற?"

அவர்தான் இன்னொரு துப்பும் கொடுத்தார். நோட்டைப் புரட்டிக்கொண்டே, "ஏம்மா, வாசல்ல கிடந்த நார் மிதியடியை நீ புதுச் சோபா வந்தப்பத்தானே தூக்கிப் போட்ட? அதுல தினம் கால் தேய்ச்சிட்டுக் கிடக்குமே" என்றார். உண்மைதான். புதுச் சோபாவுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று தேங்காய் நார் மிதியடியை எடுத்துவிட்டு ரப்பர் ஒன்று போட்டிருந்தேன். நல்ல பூனை, நல்ல பூனை என்றோமே, அந்த ஒன்றரை வருடமும் அது கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது மிதியடியில். நாங்கள் பலகையைப் பிடுங்கிவிட்டு, பக்கத்திலேயே இன்னும் நல்ல பலகை ஒன்றைத் தவணையில் வாங்கி வைத்திருக்கிறோம்.

ஆக மூன்று இடம், குறைந்தது மூன்று காரணம். ஒரே மருந்தை எல்லாவற்றிலும் தடவியதுதான் பிப்ரவரியிலிருந்து நாங்கள் செய்த வேலை.

கட்டை

முதலில் அளவு. சுக்குவைச் சுவரோரம் நிற்கவைத்துக் கோழித் துணுக்கை மேலே தூக்கிக் காட்டி, முன்னங்கால் எட்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன்: 76 சென்டிமீட்டர். ஒன்றரை அடிக் கம்பத்தில் அது எப்படி நிமிர்ந்து சோம்பல் முறிக்கும்?

அடுத்தது துணி. பழைய சாக்கு, தேங்காய் நார்க் கயிறு, சிசல் கயிறு, கோரைப் பாய்த் துண்டு, அட்டைப் பெட்டி, இந்த ஐந்தையும் ஒரு வாரம் சோபாவைச் சுற்றிக் கிடத்தியும் சாய்த்தும் வைத்தேன். சிசல் என்பது நம் ரயில் பாதை ஓரங்களில் நிற்கும் கற்றாழையின் இனத்திலிருந்து எடுக்கும் நார். பல நாட்டுப் பூனை வளர்ப்பவர்களிடம் கேட்டு 2016இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் பெரும்பாலான பூனைகள் விரும்பியது கயிறு சுற்றிய, உயரமான கம்பத்தை. சுக்குவுக்கு அந்த ஆய்வு தெரியாது. சிசலை மோந்து பார்த்துவிட்டுப் போனது. நிமிர்த்தி வைத்ததில் சாக்கு, தரையில் போட்டதில் தேங்காய் நார், இந்த இரண்டில்தான் நகம் பட்டது. யோசித்தால் நியாயம்தான். கிழித்த சோபாத் துணி சாக்கு நெசவுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

கட்டுமான வேலை நடக்கும் இடத்தில் கேட்டு நாலங்குலத் தடிமனில் சவுக்குக் கழி ஒரு துண்டு வாங்கினேன். ஆசாரி மூன்றடிக்கு அறுத்து, இரண்டடிச் சதுர பிளைவுட் பலகையில் அடியிலிருந்து நீள ஸ்க்ரூ போட்டு நிறுத்திக் கொடுத்தார். பலகையின் மேல் அத்தையின் அம்மிக்கல்லை ஏற்றி வைத்தோம். மிக்சி வந்த நாளிலிருந்து மொட்டை மாடியில் கிடந்த கல். இப்போது நானே கட்டையைத் தள்ளினாலும் அசையாது. மேலே சாக்கை இரண்டு சுற்று இழுத்துக் கட்டி, ஓரத்தில் சின்ன ஆணி. தொங்கும் நூலெல்லாம் வெட்டியாயிற்று. நூலை விழுங்கினால் பூனைக்குக் குடல் சிக்கிக்கொள்ளும் என்பதால் இதில் கொஞ்சம் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

வைத்த இடம்: சோபாவின் இடது கைப்பிடியை ஒட்டி, தூங்கும் மூலைக்கு ஓரடி தள்ளி. நடக்கிற வழி. கணவர் முதல் வாரத்தில் இரண்டு முறை அம்மியில் காலை இடித்துக்கொண்டார். கிழிந்த கைப்பிடியைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, தடித்த பழைய ஜமுக்காளத்தால் இறுக்கிச் சுற்றி ஊக்கு குத்திவைத்தேன். இங்கே பிடி கிடைக்காது, பக்கத்திலேயே கிடைக்கும் என்ற நிலை.

பூனையின் காலைப் பிடித்துக் கட்டையில் தேய்த்துக் காட்டக் கூடாது, வெறுத்துவிடும். அதற்குப் பதில் குப்பைமேனி. வெளிநாட்டில் பூனையை இழுக்க கேட்னிப் என்ற செடியைப் போடுவார்கள். நம் குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று ஒரு பேர் இருப்பது சும்மா இல்லை. அதன் வேரை முகர்ந்தால் பல பூனைகள் கிறங்கி உருளும். கிறிஸ்துமஸ் தீவில் வளரும் இதே செடியின் வேரிலிருந்து பூனையை இழுக்கும் இரண்டு சேர்மங்களைப் பிரித்தெடுத்து 2016இல் ஓர் ஆஸ்திரேலிய வேதியியல் இதழில் எழுதியிருக்கிறார்கள். கேட்னிப்பில் இருப்பதற்கு நெருங்கிய சொந்தம் அவை. காலி மனையில் ஒரு செடியைப் பிடுங்கி, வேரை மட்டும் நசுக்கிச் சாக்கில் தேய்த்துவிட்டு எடுத்துவிட்டேன். தின்னக் கொடுக்கக் கூடாது. அந்தச் செடியில் சயனைடு வெளிவிடும் பொருளும் உண்டு.

சுக்கு வந்தது, முகர்ந்தது, கன்னத்தைத் தேய்த்தது, பலகையில் ஒரு உருளல். அப்புறம் எழுந்து நின்று முழு உடம்பையும் நீட்டி ஒரு இழுப்பு. கட்டை அசையவில்லை. காதுகள் முன்னால் வந்ததைப் பார்த்தேன். இரண்டாவது இழுப்பு. உடனே ஒரு துண்டு கோழி. (வெள்ளிக்கிழமைகளில் அத்தை கோழி எடுக்க விடமாட்டார்; அன்றைக்கு மட்டும் பாக்கெட் தீனி.) முதல் பத்து நாள் கட்டையைத் தொடும்போதெல்லாம் பரிசு, பிறகு எப்போதாவது.

வாசலில் நார் மிதியடி திரும்ப வந்தது. ஐந்தேகால் வரவேற்பு மூன்றாம் நாளே அங்கே மாறிவிட்டது. இந்த முழுக் கதையிலும் எனக்கு ஆன மிகக் குறைந்த செலவு அதுதான். பலன் அதிகமானதும் அதுதான்.

ஒரு தவறு மட்டும் செய்தேன். கட்டை பழகிவிட்டது என்று மே மாதத் தொடக்கத்தில் ஒரே நாளில் அதை ஹால் மூலைக்குத் தள்ளினேன். அன்று மாலையே ஜமுக்காளத்தை ஊக்கோடு பிய்த்துக் கைப்பிடியில் வேலை தொடங்கிவிட்டது. திரும்பப் பழைய இடம். பிறகு வாரத்துக்கு நாலு விரற்கடையாக நகர்த்தி ஒன்றரை அடி தள்ளிக் கொண்டுபோனேன். அதற்கு மேல் முடியவில்லை. பந்தக்கால் நடு ஹாலில் நிற்பது இதனால்தான்.

மே மாதத்தில் இன்னொரு குழப்பம். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்து திடீரென்று ஏறியது. நோட்டைப் பார்த்தால் காரணம் பையன். பள்ளி விடுமுறை, பகலெல்லாம் பூனையைத் துரத்தும் விளையாட்டு. பிரான்சில் 1,211 பூனை வளர்ப்பவர்களிடம் கேட்டு 2024இல் வெளிவந்த ஆய்வில், வீட்டில் குழந்தை இருப்பது, அதிக விளையாட்டு, இரவில் பூனை திரிவது மூன்றுமே வேண்டாத பிறாண்டலோடு சேர்ந்து வந்தன. விளையாட்டே கூடாது என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. துரத்துவதை நிறுத்தி, குச்சியில் கயிறு கட்டி ஆட்டும் விளையாட்டைப் பத்துப் பத்து நிமிடமாகக் காலையும் மாலையும் வைத்தோம். கடைசியில் அது பிடிக்கும்படி விட்டுவிட்டு உடனே சாப்பாடு. சாப்பிட்டதும் நக்கித் துடைத்துக்கொண்டு தூங்கப் போய்விடும்.

ஜன்னல்

இது சுருக்கமாக முடிந்தது. ஜன்னலின் கீழ்ப்பாதியில் பால் வெள்ளைத் தாள் ஒட்டினேன். வெளிச்சம் வரும், கடுவன் தெரியாது. எதிர் வீட்டில் சன்ஷேடுக்கு நேர் கீழே மிச்சச் சோறு வைப்பார்கள். கேட்டதும் பின்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். ஜன்னல் ஓரத்தில் சுவரில் சாக்கு அடித்த பலகை ஒன்று. எல்லையில் கையெழுத்துப் போட வேண்டும் என்று தோன்றினால் அங்கே போடட்டும்.

நகம்

முன்னங்கால்களில் ஐந்தைந்து, பின்னங்கால்களில் நாலு நாலு, மொத்தம் பதினெட்டு. சோபாவைக் கிழிப்பது முன்னங்கால் நகங்கள்தான். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நுனியை மட்டும் வெட்டினால் கிழிசலின் ஆழம் குறையும். பிறாண்டும் ஆசை குறையாது. விரலின் மேலும் கீழும் மெல்ல அமுக்கினால் நகம் வெளியே வரும். வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு கோடு. அதில் ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. அதற்கு முன்னாலுள்ள வெள்ளைக் கொக்கி மட்டும்தான் நமக்கு.

மூன்றாவது தடவை நான் அவசரத்தில் சிவப்பில் வெட்டிவிட்டேன். சோளமாவை வைத்து அழுத்தியதும் ரத்தம் நின்றது. சுக்குவின் நம்பிக்கை திரும்ப மூன்று வாரம் ஆயிற்று; கையை நீட்டினாலே பாதத்தை வயிற்றுக்கு அடியில் மடக்கிக்கொண்டது. இப்போது மதியத் தூக்கத்தில், நாளுக்கு ஒரு கால் என்று வெட்டுகிறேன்.

நாலரை மணி

பூனை, விடியலுக்கும் அந்திக்கும் சுறுசுறுப்பாகும் பிராணி. நாலரைக்கு எழுந்தது அதன் இயல்பு. ஆனால் பிரம்பைப் பிறாண்டினால் அத்தை எழுவார், அத்தை எழுந்தால் பால் வரும் என்பது நாங்கள் சொல்லிக்கொடுத்தது. போதாக்குறைக்கு, வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் சரியாகச் செரிப்பதும் இல்லை.

திட்டம் எளிது: பிறாண்டினால் யாரும் எழக் கூடாது, திட்டவும் கூடாது. ராத்திரி படுக்கும் முன் விளையாட்டும் சாப்பாடும். காலை உணவு ஐந்தரைக்கு, அத்தை குளித்து வந்த பிறகு, பிறாண்டலுக்குச் சம்பந்தமே இல்லாமல். தொடங்கும் முன்பே அத்தையிடம் சொன்னேன், "அத்தை, முதல் வாரம் இன்னும் மோசமாகும். வழக்கமா கிடைச்சது கிடைக்கலைன்னா முதல்ல இன்னும் பலமா கேட்கும். அப்ப எழுந்து பால் ஊத்தினீங்கன்னா பலமா பிறாண்டினாத்தான் பால்னு படிச்சுக்கும்."

"சரிம்மா" என்றார்.

நாலு நாள் தாங்கினார். ஐந்தாம் நாள் சமையலறையில் கிண்ணச் சத்தம். காலையில் நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நோட்டில் மட்டும் நேர்மையாக எழுதியிருந்தார், "ஊற்றினேன். கொஞ்சம்." இரண்டாம் முயற்சி பத்து நாள் போனது. ஜூனில் மூன்றாவது. என் ஆய்வகத்தில் இப்படி ஒரு மாணவர் இருந்தால் மறுபடி செய்யச் சொல்வேன். அத்தையிடம் அப்படிச் சொல்ல முடியுமா? அதிகாலையில் அந்த வீட்டில் விழித்திருப்பது அவரும் பூனையும்தான். அந்தப் பால் யாருக்காக என்று எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது.

ஜூலைக் கணக்கு

ஜூலையில் மறுபடி பதினாலு நாள் எழுதினோம். இடது கைப்பிடி 3, ஜன்னல் ஓரம் 2, பிரம்பு நாற்காலி 9. கட்டையில் எத்தனை முறை என்று எண்ணவில்லை. சாக்கை ஒரு முறை மாற்றியாயிற்று. மாற்றும்போது பழைய சாக்கை முழுவதும் எடுக்காமல் அதன் மேலேயே புதியதைச் சுற்றினேன், வாசனை இருக்கட்டும் என்று. சோபாக் கைப்பிடிக்குப் புதுத் துணி போட இன்னும் மனம் வரவில்லை. ஜமுக்காளம் அப்படியே இருக்கிறது. அடுத்த தடவை சோபா வாங்கினால் நெருக்கமாக நெய்த வழவழப்புத் துணிதான். கடையில் நகத்தால் ஒரு கீறு கீறிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன்.

போன வாரம் நாற்காலிக்குப் பிரம்பு பின்னுகிறவர் வந்தார். நாலு கால்களையும் பார்த்துவிட்டு, "பூனை இருக்காம்மா?" என்றார். முன்பக்க இடது காலில் மட்டும் தேங்காய் நார்க் கயிறு நெருக்கமாகச் சுற்றியிருந்தது. நான் சுற்றவில்லை. அதைப் பிரிக்க அவர் கையை வைத்ததும் உள்ளே இருந்து அத்தை வந்தார்.

"மூணு காலுக்குப் போடுங்க போதும். அது அவனோடது."